சூசை அண்ணைமேல் நான் போட்ட பழி

புதன்கிழமை காலை சரவணைச் சந்தியில் பஸ் நின்றபோது, கொண்டக்டர் மிதிபலகையிலிருந்து குனிந்து என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், ஊர்காவற்றுறைச் சூசை அண்ணை விடியப்புறம் மோசம்போயிட்டார்." சாவுச் செய்தியைக் கேட்டபின் நான் பஸ்ஸில் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "நல்ல மனுசன்" என்றார். இன்னொருவர், "மனுசன் நல்லவர்தான். வேலையைத்தான் நம்பேலாது" என்றார். நான் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஏழு வருடமாகச் சொல்லாத மறுமொழி அது. சூசை அண்ணையை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இங்கே சொல்கிறேன்.

அவர் முன்பு கடலில் ஆளேற்றும் லோஞ்சில் எஞ்சின் வேலை பார்த்தவர். பிறகு துறைக்குக் கிட்ட ஒரு கிடுகுக் கொட்டில் போட்டுக் கார் திருத்தினார். எனக்கு மூன்று வயது மூத்தவர். நான் வாங்கிய பழைய கார், ஓடும்போது இழுத்து இழுத்து ஓடியது. அவரிடம் கொண்டுபோனேன். கார்பரேற்றரின் அடியில் ஒரு சிறிய நட்டு இருக்கிறது. அதை மேலே ஏற்றினால் எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் குறையும். கீழே இறக்கினால் கூடும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, அந்த ஆறு பக்க நட்டை ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் திருகினார். திருகிவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுபோலவே கேட்டது.

"சரிதானே அண்ணை?" என்றேன்.

"நிண்ட இடத்திலை எல்லாக் காரும் ஒழுங்காய்த்தான் இரையும் மாஸ்டர். ஓடேக்கை மிதிச்சுப் பாக்கவேணும்."

பண்ணைப் பாலத்துக்குப் போனோம். இரண்டு பக்கமும் கடல், நேர் தெரு. ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். பிறகு திடீரென்று மிதிக்கச் சொன்னார். கார் ஒருகணம் தயங்கியது. நிறுத்தி, மூடியைத் திறந்து, நட்டை அரைப் பக்கம் இறக்கினார். அப்படி நாலு தடவை. ஐந்தாம் தடவை மிதித்தபோது கார் தயக்கமே இல்லாமல் எடுத்தது. கொட்டிலுக்குத் திரும்பியதும் நட்டின் முன்பக்கத்தில் வெள்ளைப் பெயின்றால் ஒரு பொட்டு வைத்தார். "இனி இதைத் தொடவேண்டாம்" என்றார்.

நான் தொட்டேன். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம். ஒரு கலன் பெற்றோலுக்கு என் கார் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று ஆசிரியர் அறையில் பெருமை பேசவேண்டியிருந்தது. சூசை அண்ணை காரைப் பார்த்துக் கொடுத்த மூன்றாம் நாள், நட்டை இரண்டு பக்கம் மேலே ஏற்றிவிட்டேன். காலியாகக் கிடந்த தெருவில் கார் நன்றாகவே ஓடியது. அவரைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை, என்னோடு படிப்பிக்கும் கனகசபையின் மனைவி பூமணிக்கு எட்டாம் மாதத்தில் வலி கண்டது. இரத்தமும் போனது. இருவரையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். பாலத்தில் ஒரு மாட்டு வண்டியை விலத்துவதற்காக மிதித்தேன். கார் இரண்டு தரம் செருமிவிட்டு நின்றுவிட்டது. பதற்றத்தில் மாறி மாறி முடுக்கியதில் பிறகு பிடிக்கவேயில்லை. ஒரு வான் வந்து அவர்களை ஏற்றிச்செல்ல அரை மணித்தியாலம் சென்றது. பூமணி பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. உயிர் முன்பே போயிருக்கலாம், சொல்லமுடியாது என்று டொக்டர் சொன்னாராம்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் கனகசபை என்னைக் கேட்டார்: "கார் ஏன் நிண்டது?"

"போன கிழமைதான் சூசை அண்ணை பாத்துத் தந்தவர்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் அந்தப் பழி நின்று பிடித்தது.

கனகசபை கொட்டில் வாசலில் போய் நின்று மண் அள்ளித் தூற்றினார். வாடகைக் கார்க்காரர் ஒவ்வொருவராக வேறிடம் போனார்கள். சூசை அண்ணை மண் தூற்றிய மறுநாளே சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். காரின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். வெள்ளைப் பொட்டு முன்னால் இல்லை.

"இதை ஆரும் தொட்டவையோ மாஸ்டர்?"

"இல்லை."

என் முகத்தை ஒருதரம் பார்த்தார். நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடிக்காமல் போனார். எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதன்பின் வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தித்தான் பிழைத்தார்.

மூன்று மாதத்துக்கு முன், அவர் படுக்கையில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, "அண்ணை, அந்த நட்டைத் திருகினது நான்" என்றேன்.

"தெரியும். அண்டைக்கே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை வாயாலை வரும் எண்டு பாத்தனான். பிறகு, வராது எண்டு விளங்கிச்சுது. நீங்களும் கனகசபையரும் ஒரே பள்ளிக்கூடம். நான் சொல்லி என்ன, ஆர் நம்பப்போகினம்?" சிறிது மூச்சு வாங்கினார். "எனக்குச் சொல்லிப் பிரியோசனமில்லை மாஸ்டர். கனகசபையருக்குச் சொல்லுங்கோ. நான் இருக்கேக்கையே சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன்.

அந்த மூன்று மாதமும் கனகசபையை நான் தினமும் கண்டேன். பரீட்சை முடியட்டும் என்று ஒரு தரம், அவருக்குத் தடிமன் காய்ச்சல் என்று ஒரு தரம். புதன்கிழமை வந்துவிட்டது.

சவக்காலையில் அடக்கம் முடிந்ததும் நேரே கனகசபை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பூமணி கதவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனவர் பிறகு வரவில்லை. கனகசபை என்னை அடித்திருந்தால் நான் ஆறுதலடைந்திருப்பேன்.

"அந்த மனுசனுக்கு மண் அள்ளித் தூத்தினனான்" என்றார். "இனி நான் ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது? போம் ஐசே, எழும்பிப் போம்."

போய்விட்டேன். அவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

சூசை அண்ணையின் வேலையில் பிழை இருக்கவில்லை. பிழை என்னுடையது. இதை அவர் வாசிக்கக்கூடிய காலத்தில் எழுதியிருக்கவேண்டும். அவர் நினைவாக என்னிடம் இருப்பது, "நான் இருக்கேக்கையே" என்ற அவருடைய சொல்லும், அதற்கு நான் சொன்ன ஓமும்தான்.