கோணலாகக் கட்டிய பள்ளிவாசல்

1. மேஸ்திரி செய்த உபகாரம்

காலையில் சைட்டில் இறங்கினேன். முதல் நாள் சாயங்காலம் நானே கூட நின்று முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட வைத்த மார்க்கிங்கைக் காணவில்லை. அதே அளவில் வேறொரு மார்க்கிங், ரோட்டுக்கு இணையாக, இம்மி பிசகாமல் நேராக இருந்தது. ஓரத்தில் ஜே.சி.பி. அஸ்திவாரக் குழி எடுக்கத் தயாராக நின்றது.

மேஸ்திரி கோவிந்தராசு டீ கிளாஸோடு வந்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"மேடம், நேத்து அவசரத்துல கோணலா போட்டுட்டுப் போயிட்டீங்க. நான் வெள்ளன வந்து மூலைமட்டம் புடிச்சு நேராக்கிட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடல. கவலப்படாதீங்க."

என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாராம்! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"மேஸ்திரி, அது கோணல் இல்ல. அதான் பிளான்!"

"என்ன மேடம் வெளையாடுறீங்க? ரோடு ஒரு பக்கம் போவுது, கட்டடம் ஒரு பக்கம் பாக்குது. ரோட்டுல போறவன் மேஸ்திரி குடிச்சிட்டுக் கட்டுனான்னு சொல்லமாட்டானா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டெல்டாவில் எந்த மேஸ்திரியும் கட்டடத்தைச் சாய்த்துப் போட மனசார ஒத்துக்கொள்ள மாட்டார். மூலை பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது.

2. மேற்கும் கிப்லாவும்

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அது. பழைய பள்ளிவாசல் சின்னது, கூரை ஒழுகியது. பக்கத்து மனையில் புதிதாகக் கட்ட, ஜமாஅத் கமிட்டி தஞ்சாவூரில் இருக்கும் என் ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு வந்தது. நான் நெற்றியில் பொட்டு வைத்த பொம்பளை. பள்ளிவாசல் கட்டிப் பழக்கமும் இல்லை. அதற்காகத் தயங்கவில்லை. பூதலூரில் மார்க்கெட் கட்டினேன், கோடியக்கரைப் பக்கம் பள்ளிக்கூடம் கட்டினேன். உள்ளே வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டால் எதையும் கட்டலாம்.

அவர்கள் முதலில் கேட்டது பச்சைக் கும்மட்டமும் நாலு மினாராவும். வளைகுடாவில் எடுத்த போட்டோவை போனில் காட்டினார்கள். "அங்க ஏசி போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. இங்க கரண்டு போனா வெந்துருவீங்க" என்றேன். செங்கல் சல்லடைச் சுவர், வானம் பார்த்த முற்றம், இமாம் நிற்கும் மிஹ்ராப் மாடத்தில் மேலிருந்து இறங்கும் வெளிச்சம், ஒரே ஒரு மினாரா, பெண்களுக்குத் தனி வாசலோடு அதே கூரைக்கடியில் இடம் என்று வரைந்து கொடுத்தேன். கும்மட்டம் வேண்டாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டேன். ஜெயித்தது நான்தான்.

ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை. தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசையை சஃப் என்பார்கள். நடுவில் தூண் வந்தால் சஃப் உடையும். எனவே முதலில் சஃப்பை வரைந்தேன், பிறகு தூண், கடைசியில்தான் சுவர்.

சஃப் பார்க்க வேண்டிய திசை கிப்லா, அதாவது மக்காவில் உள்ள கஃபாவின் திசை. எங்கள் பக்கம் பேச்சில் கிப்லாவும் மேற்கும் ஒன்றுதான். "மேக்கப் பாத்துத் தொழுவாங்க" என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் தஞ்சாவூரிலிருந்து கஃபா நேர் மேற்கில் இல்லை. வடக்கே இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். அந்த ஊர் ரோடோ நேர் மேற்கே போகிறது. அதனால் கட்டடத்தையே திருப்பினேன். மனையின் மூலைகளில் மிஞ்சிய முக்கோணங்களில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடமும் பெண்கள் வாசலும் அழகாக உட்கார்ந்தன.

வரைபடத்தில் இது யார் கண்ணுக்கும் படவில்லை. எல்லா ஆபீஸிலும் செய்வதுபோல் தாளில் கட்டடத்தை நேராக வைத்து ரோட்டைச் சாய்த்து வரைந்திருந்தோம். கமிட்டியும் பார்த்தது, மேஸ்திரியும் பார்த்தார், ரோடு சாய்ந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

3. அத்தா தொழுதது

நானும் மேஸ்திரியும் கத்திக்கொண்டிருந்தபோது முத்தவல்லி சேக்தாவூது ராவுத்தர் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் பொறுப்பு. எழுபதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். விஷயத்தைச் சொன்னேன். நேரான மார்க்கிங்கைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"இப்படியே இருக்கட்டும்மா. பழைய பள்ளியும் இப்படித்தான இருக்கு."

"ஹாஜியார், கிப்லா இந்தப் பக்கம் இல்லைங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அந்தப் பள்ளியக் கட்டுனது எங்கத்தா, என்னப் பெத்தவரு. ஆயுசு பூரா நேர் மேக்கப் பாத்துத் தொழுதாரு. மவுத்தானப்பவும் மொகத்த அதே மேக்கப் பாக்க வச்சுத்தான் அடக்கம் பண்ணினோம். இப்ப நான் போயி கட்டடத்தத் திருப்பி வச்சா, எங்கத்தா தொழுதது தப்புன்னு ஊருக்கு நானே போர்டு எழுதி வச்ச மாதிரி ஆவாதா?"

கும்மட்டத்துக்கு என்னிடம் நூறு பதில் இருந்தது. இது என் படிப்பைத் தாண்டிய கேள்வி. "எனக்குத் தெரியலைங்க. ஹஜ்ரத்தைக் கேட்போம்" என்றேன். ஜே.சி.பி. டிரைவரைக் காத்திருக்கச் சொன்னேன்.

ஹஜ்ரத் என்று அவர்கள் அழைக்கும் இமாம் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. முத்தவல்லி சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"ஹாஜியார், நீங்க கேட்டது புதுக் கேள்வி இல்ல. நபி அவங்க காலத்துலயே கிப்லா மாறிச்சு. முன்னாடி ஜெருசலேமப் பாத்துத் தொழுதாங்க, அப்பறம் கஃபாவப் பாத்துத் திரும்புனாங்க. மாறுறதுக்கு முன்னாடி மவுத்தானவங்க தொழுகை என்னாவுறதுன்னு அப்பவே கேட்டாங்க. வீணாவாதுன்னு பதில் வந்துச்சு. உங்கத்தா தனக்குத் தெரிஞ்ச தெசையில நின்னாரு. அவரு தொழுகைக்கு ஒரு கொறையும் இல்ல."

முத்தவல்லி நீளமாக மூச்சு விட்டார். ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. "கொறை இல்லைன்னா அதே தெசையில வுட்டுட வேண்டியதான?"

"அவருக்குத் தெரியாது ஹாஜியார். நமக்குத் தெரிஞ்சு போச்சே."

இனி என் முறை. மேஸ்திரி போட்ட மார்க்கிங்குக்குள் சரியான கிப்லாவுக்குக் குறுக்காக நூலை இழுத்துக் கட்டி, வேடிக்கை பார்த்தவர்களைக் கூப்பிட்டு நூலோரம் தோளோடு தோளாக நிற்கச் சொன்னேன். வரிசை மூலைக்கு மூலை சாய்ந்து போனது. தூணுக்காக அடித்த முளை ஒருவர் காலடியில், இன்னொன்று வேறொருவர் முழங்காலுக்கு முன்னால். சுவரோரம் ஒரு ஆள்கூட நிற்க முடியாத மூலை வீணாகக் கிடந்தது.

"நேராக் கட்டினா தெனம் இப்படித்தாங்க நிப்பீங்க. ஒவ்வொருத்தர் போன்லயும் கிப்லா காட்டுது. இளவட்டம் ஒரு பக்கம் திரும்பும், நீங்க ஒரு பக்கம் திரும்புவீங்க. சஃப் எங்க இருக்கும்?"

அவர் அந்த வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் தானும் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு முளை. குனிந்து, கையாலேயே அதைப் பிடுங்கி மேஸ்திரியிடம் நீட்டினார்.

"அம்மா சொல்றபடி போடுப்பா."

மேஸ்திரி முனகிக்கொண்டே போட்டார். மத்தியானம் ஜே.சி.பி. முதல் குழியை எடுத்தது. எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது.

இளம் ஆர்க்கிடெக்ட்கள் என்னிடம் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிளானைக் கையில் கொடுத்தால் போதாது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று மேஸ்திரிக்கும் சொல்ல வேண்டும், கட்டச் சொன்னவர்களுக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நல்ல மனசோடு நேராக்கிவிடுவார்கள். கேள்வி நம் படிப்பைத் தாண்டிப் போனால் ஹஜ்ரத் மாதிரி ஒருவரைக் கூப்பிட வெட்கப்படக் கூடாது.

4. முதல் ஜும்ஆ

திறந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. செங்கல் சல்லடை வழியாக வாய்க்கால் காற்று உள்ளே நுழைந்தது. சஃப் ஒன்றன்பின் ஒன்றாக, தூண் தொடாமல் நிறைந்தது. பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்த எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொழுகை முடிந்ததும் முத்தவல்லி என்னையும் மேஸ்திரியையும் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஊரின் அடக்கத்தலமான மையவாடி. அவர் அத்தாவின் கபுரு, அதாவது கல்லறை, பழைய பள்ளியைப் போலவே நேராக இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் காலி.

"இது எனக்கு. வெட்டுறப்ப நீ வந்து நூல் புடிக்கணும்" என்றார் மேஸ்திரியிடம்.

"என்ன பாய், நல்ல நாளும் அதுவுமா!"

"நல்ல நாள்லதாம்ப்பா சொல்லணும். அத்தா அவருக்குத் தெரிஞ்ச பக்கம் பாத்துக் கெடக்காரு. நான் எனக்குத் தெரிஞ்ச பக்கம் பாத்துக் கெடக்கணும். பக்கத்துல கோணலா இருக்கேன்னு என்னையும் நேராக்கிப்புடாத."