தையலுக்கு விடாத மேசை

போன கோடையில் எங்கள் குடியிருப்பின் வாசற்கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. கீழ்த்தளத்து உர்சுலா வரும் சனிக்கிழமை முற்பகல் முற்றத்தில் தன் பழைய மேசையைத் தேய்க்கப் போகிறாராம். சத்தத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும். ஜெர்மனிக்கு வந்து ஆண்டுகள் பல ஆகியும் இப்படிப்பட்ட காகிதங்களைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன். விழுப்புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டியபோது எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் செங்கல் விழுந்தது. அப்பா எட்டிப் பார்த்துக் கேட்டதற்கு, "ஓரமா நில்லுங்க சார், இன்னும் வுழும்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. எங்கள் ஊரில் அதுதான் அறிவிப்பு.

சனிக்கிழமை வேடிக்கை பார்க்க இறங்கினேன். உர்சுலா முகமூடி போட்டுக்கொண்டு தேய்த்தபடியே மேசையின் பரம்பரை முழுவதையும் சொன்னார். யார் அதில் ரொட்டிமாவு பிசைந்தார், எந்த மாமா அதன்மேல் ஏறி ஆடி விழுந்தார் என்பது வரை. நான் மட்டும் சும்மா இருப்பதா? "எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது" என்று கைபேசியில் படத்தைக் காட்டினேன். அப்பாவின் சமையலறையில் சுவரோடு ஆணியடித்த அரை மேசை. முன்பக்கம் இரண்டு கால், மேலே கேஸ் அடுப்பு.

"வுண்டர்பார்!" என்றார் உர்சுலா. "இடத்தை மிச்சம்பிடிக்கும் வடிவமைப்பு. யார் செய்தது?"

"அப்பாவும் பெரியப்பாவும். ரம்பத்தால்."

"இருவரும் சேர்ந்தா?"

"ஆமாம். ஆளுக்கொரு முனை பிடித்து."

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வேலை செய்வது எவ்வளவு அழகு என்று அவர் நெகிழ்ந்துவிட்டார். பாகப்பிரிவினைக்கு ஜெர்மனில் எனக்குச் சொல் தெரியும். ஆனால் அன்று வெயில் நன்றாக அடித்தது. விளக்கம் சொல்லி அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். தாத்தா திண்டிவனத்தில் தையல்காரர். அந்தத் தேக்கு மேசையின்மேல் துணி விரித்து, நின்றபடியே வெட்டுவார். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்ளப் பல்செட் இடைஞ்சல் என்று கழற்றி எங்காவது வைப்பார். எங்கே என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மாலை போட்டு உட்காரவைத்தபோது வாய் குழிந்து வேறு யாரோ போல இருந்தார். பல் எங்கே? வீடு முழுக்கத் தேடினார்கள். மேசையின் இழுப்பறை பூட்டியிருந்தது. பூட்டிய இடத்தில் எப்படி இருக்கும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். எங்கள் குடும்பத்தின் அறிவுக்கூர்மைக்கு இது ஒன்று போதும். கழுவுகிறேன் என்று பெரியம்மாதான் தொலைத்தாள் என்றாள் அம்மா. அம்மா பெருக்கித் தள்ளிவிட்டாள் என்றாள் பெரியம்மா. கருமாதிக்குள் சமையல் தனித்தனியாகிவிட்டது.

வீட்டையும் நிலத்தையும் சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டவர்கள் மேசையில் வந்து முட்டிக்கொண்டார்கள். தையல்காரர் பிள்ளைகள் அல்லவா? பெரியப்பா துணிக்குப் போடும் சாக்கட்டியால் நடுவே கோடு போட்டார். அறுத்தார்கள். இழுப்பறை பெரியப்பா பக்கம் போனது. சாவி, தாத்தாவின் அரைஞாணிலிருந்து அப்பாவின் அரைஞாணுக்கு வந்தது. சாவியைக் கேட்க அண்ணனுக்கு ரோஷம், கொடுக்கத் தம்பிக்கு ரோஷம். அப்பா வேலையோடு விழுப்புரம் வந்துவிட்டார். இருபது வருடம் ஒரு வார்த்தை இல்லை. சண்டையை ஆரம்பித்த இரண்டு பெண்களும் செத்துப்போய்விட்டார்கள். இந்த ஆண்கள் அதைக் குலசாமி போலக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

அம்மா போனபிறகு அப்பா உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். வீடியோவில் அழைத்தால் அடுப்பருகே நின்றபடி வாணலியிலிருந்தே வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் ஒரே பெண். ஐரோப்பாவிலிருந்து என்னால் முடிந்தது "உக்காந்து சாப்புடுங்கப்பா" என்று கத்துவது மட்டும்தான். அவர் எதிரில் யாராவது உட்கார வேண்டும். அப்படி உட்காரக்கூடிய ஒரே ஆள் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் தன் அரை மேசையின்மேல் இன்வெர்ட்டர் பாட்டரியை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். அவருக்கும் பிள்ளை பெங்களூரில்.

உர்சுலாவின் மேசை எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது. டிசம்பரில் ஊருக்குப் போனேன். இரண்டையும் சேர்த்துப் புதுப்பித்துச் சாப்பாட்டு மேசை ஆக்கப்போகிறேன் என்று அறிவித்தேன்.

"அந்தாளு பாதிய இங்க கொண்டாந்தா நான் வூட்ட வுட்டுப் போயிடுவேன். சாவியும் தரமாட்டேன்" என்றார் அப்பா.

"தர வேணாம். நீங்களே எடுத்துக்கினு வாங்க."

திண்டிவனத்தில் பெரியப்பா, "உங்கொப்பன் அந்த டிராயரத் தொடக்கூடாது பாப்பா. நான் கூடவே வருவேன்" என்றார். வரட்டும் என்றுதானே நானும் பார்த்தேன்.

கடலுக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் நிறைய நடமாடும் குயிலாப்பாளையத்தில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் சொல்லி வைத்திருந்தேன். அரை மேசைகள் இரண்டு குட்டியானை வண்டிகளில் தனித்தனியாக வந்தன. ஒரே வண்டியில் ஏற்ற இரண்டு பேரும் சம்மதிக்கவில்லை. ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு, மற்றதில் பாட்டரி அமிலம் தின்ற வெள்ளைத் திட்டுகள்.

"கறைய எடுத்துடாதீங்க. வெள்ளக்காரங்களுக்கு இப்டி இருந்தாதான் புடிக்கும்" என்றார் பட்டறைக்காரர்.

"விக்கறதுக்கில்லைங்க. வச்சு சாப்புடறதுக்கு."

"இதுலயா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இழுப்பறையைத் திறந்தால்தான் பலகையைக் கழற்ற முடியும் என்றார். அப்பா அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். பெரியப்பா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேங்காயெண்ணெய் விட்டு, தட்டி, திருகி, ஒருவழியாகத் திறந்தது. துருப்பிடித்த குண்டூசிகள், சாக்கட்டி, அளவு டேப். அவற்றின் நடுவே இளித்துக்கொண்டு தாத்தாவின் பல்செட்.

அப்பா குனிந்து பார்த்துவிட்டு மெதுவாக, "இது அப்பா பல்லு" என்றார்.

"பின்ன என் பல்லா?" என்றார் பெரியப்பா.

இருபது வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவைதான். பெரியப்பா சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவும் சிரித்தார், சிரிப்பு பாதியில் உடைந்தது. "அண்ணி பாவம்ணா. என்னென்ன பேசிட்டோம்."

"உன் பொண்டாட்டி மட்டும் இன்னா, அதுவும் பாவந்தான்." பெரியப்பா துண்டால் மூக்கைச் சிந்தினார். எனக்கும் அழுகை வந்தது. அம்மா இதைப் பார்க்காமல் போய்விட்டாளே என்று இருந்தது.

பல்லை என்ன செய்வது? அன்று சாயங்காலமே மூவரும் போய்க் கடலில் கரைத்தோம். முதல் அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து பெரியப்பா காலடியிலேயே போட்டது. "உயிரோட இருந்தப்பவும் இதே பேஜாருதான்" என்று அவர் மறுபடி வீசினார்.

மேசை அவ்வளவு சுலபமாகச் சேரவில்லை. கோபத்தில் அறுத்த ரம்பம் கோணலாகப் போயிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முனையில் ஒட்டியது, மறுமுனையில் ஒரு விரல் நுழைந்தது. பெரியப்பா அந்த இடைவெளியைத் தடவிப் பார்த்தார். "துணியாயிருந்தா தையலுக்கு வுட்டு வெட்டியிருப்போம். அன்னிக்கு எவனுக்கு அந்த புத்தி இருந்துது?"

நடுவில் புதுக்கட்டை ஒன்றைச் சொருகலாம் என்றார் பட்டறைக்காரர். அப்பன் மேசையில் அயல்கட்டையா என்று இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். பசையும் கூடாது, ஆணியும் கூடாது.

"அடியில கொண்டி மாட்டிக் குடுங்க, போதும்" என்றார் பெரியப்பா. "நாளைக்கே சண்ட வந்தா என் பாதிய எடுத்துக்கினு போவணும்ல?"

கால்களை உட்காரும் உயரத்துக்குக் குறைத்தார்கள். எவ்வளவு தேய்த்தும் அப்பா பக்கம் கறுப்பாகவும் பெரியப்பா பக்கம் வெளுப்பாகவும்தான் நின்றது. அடுப்புக்குக் கடப்பாக்கல் வாங்கிப் போட்டு, மேசையைக் கூடத்தில் வைத்துவிட்டு நான் விமானம் ஏறினேன்.

இப்போது ஞாயிறுதோறும் பெரியப்பா பஸ் ஏறி விழுப்புரம் வருகிறார், 'மேசையப் பாக்க'. அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு வேளை என்றால் இங்கே காலை. நான் அந்நேரத்துக்கே சோறு வடித்து, சாம்பார் ஊற்றிக்கொண்டு கைபேசி முன் உட்கார்ந்துவிடுவேன். படிக்கட்டில் மணம் பிடித்த உர்சுலா, காலையில் இவ்வளவு பெரிய உணவா என்று கேட்டார். இது மதியச் சாப்பாடு, ஊர்தான் வேறு என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு இங்கே மதியம் வரும்போது எனக்குப் பசி இருக்காது. வெளியே தேவாலய மணி அடிக்கும், நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அங்கே அவர்கள் கைபேசியை நிற்கவைக்க எதையும் தேடுவதில்லை. மேசை நடுவே இருக்கும் அந்த இடைவெளியில் சொருகிவிடுகிறார்கள். அது கச்சிதமாக நிற்கிறது. அப்பா பாதி முகம், பெரியப்பா பாதி முகம், மேலே சுற்றும் மின்விசிறி. இதுதான் எனக்குத் தெரியும் காட்சி.

போன வாரம் சாம்பாரில் உப்பு கம்மி என்று ஆரம்பித்து அறுபத்துச் சொச்சம் வருடத்துக் கணக்குவரை போய்விட்டார்கள். அப்பா ஏதோ சொல்லக்கூடாததைச் சொன்னார். "ஒன் சங்காத்தமே வேணாம்டா" என்று பெரியப்பா குனிந்து மேசைக்கடியில் கையை விட்டார். கொண்டி கிறீச்சிட்டது. என் திரையில் விசிறி சாய்ந்தது.

"பெரியப்பா, கைய எடுங்க! நான் வுழுந்துடுவேன்!" என்று கத்தினேன்.

இரண்டு முகங்களும் ஒருசேரக் கீழே பார்த்தன.

"அட, நடுவுல பாப்பா கீது" என்றார் பெரியப்பா. கொண்டியை மறுபடி மாட்டும் சத்தம் கேட்டது. அப்பா என்னை நிமிர்த்தி வைத்துவிட்டு, அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.