பிழைக்க வேண்டிய கிருமிகள்

அம்மையார் இலையைக் கிள்ளுகிறார், கசக்குகிறார், முகர்கிறார், நுனிப்பல்லில் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறார். இவ்வளவும் பேருந்து வருவதற்குள். நிறுத்தத்தில் நிற்பவர்கள் சற்றே விலகிக்கொள்கிறார்கள்.

மூலிகைகளில் புது மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே அவருக்கு ‘வெள்ளாடு’ என்று பெயர். பெயர் சூட்டிய பக்கத்து மேசைக்காரர், “ஆடே தொடாத இலையையும் இவங்க விடமாட்டாங்க” என்று விளக்கமும் தருவார். கணவருக்கு வேறு குறை. “மத்த மருமகளுங்க வந்தா எங்கம்மாவை விசாரிக்கிறாங்க. இவ வேலியை விசாரிக்கிறா.”

நாலு வருடமாக ஒரு மழைக்காட்டுக் கொடியோடுதான் குடித்தனம். அதன் இலைச்சாறு, எந்த மருந்துக்கும் மசியாத சீழ்க்கிருமி ஒன்றைக் கொன்றுவிட்டது. கொடியைக் கண்ணாலும் பார்த்திராத இயக்குநர்தான் அதிகம் பூரித்தார். பத்திரிகைக்காரர்களைக் கூட்ட நாள் குறித்தார். இத்தனை காலம் தற்காலிகமாகவே இருந்த அம்மையாரின் வேலையும் அந்தக் கையோடு நிரந்தரம் என்றார்.

பூரிக்காதவர் அம்மையார் ஒருவரே. இலையைக் கரைப்பானில் ஊறவைக்கக் கண்ணாடிப் புட்டி கிடைக்காமல் பிளாஸ்டிக் கேனில் ஊறவைத்திருந்தார்கள். சென்ற வாரம் அதைக் கழுவியபோது உட்புறம் பிசுபிசுத்தது. கிருமியைக் கொன்றது கொடியா, கேனா? அதே மாதிரிக் கேனில் இலையே போடாமல் வெறும் கரைப்பானை ஊறவைத்து, அதைக் கிருமிகளுக்குக் கொடுத்துவிட்டார்.

கூட்டத்தன்று காலை, கிருமிகள் இருந்த தட்டின் குழிகளில் நீலச் சாயம் விட்டாயிற்று. கிருமி உயிரோடிருந்தால் நீலம் ரோஜா நிறமாகும், கொடி பிழைக்கும். செத்திருந்தால் நீலம் நீலமாகவே நிற்கும், கொன்றது கேன்.

“இன்னிக்குப் போய் எதுக்கு தாயே இந்த வம்பு? கூட்டம் முடிஞ்சு பாத்துக்கலாமே.”

“முடிஞ்சப்புறம் யார் பாப்பாங்க? நீங்க பாப்பீங்களா?”

“நான் வீட்டுக்குப் போயிடுவேன்” என்றார் மேசைக்காரர், ஒளிவுமறைவில்லாமல்.

அம்மையார் தட்டின் மேல் குனிந்தார். “ஊரையே ஆட்டி வைக்கிறீங்க. எனக்காக இன்னிக்கு ஒரு நாள் உசிரோட இருங்களேன்.” ஆயுள் முழுக்கக் கிருமியை ஒழிக்கப் பாடுபட்டவர், அதற்கு ஆயுள் கேட்டு மன்றாடியதை உலகம் பதிவு செய்யவில்லை.

இயக்குநர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். “என்னம்மா, ஃபோட்டோக்காரங்க வந்தாச்சு. சலவைக் கோட்டு ஒண்ணு மாட்டிக்கிட்டு வாங்க.”

“ஐயா, இது மட்டும் நிறம் மாறட்டும். கேன்லதான் ஏதோ கோளாறுன்னு…”

“கிளறிக்கிட்டே இருந்தா மருந்து எப்பம்மா வரும்? உங்க பர்மனென்ட் ஆர்டர் என் கையெழுத்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. அதையும் மனசுல வச்சுக்குங்க.” தலை மறைந்தது.

எதுவும் கொடுக்காமல் விட்ட கிருமிகளின் குழிகள் முதலில் ஊதாவாயின, பிறகு ரோஜாவாயின. கேன் குழிகள் அசையவில்லை. மேசைக்காரர் கேலியை மறந்து பக்கத்தில் வந்து நின்றார். “லைட்டு சரியில்லையோ?” தட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது இன்னும் நீலமாக இருந்தது.

“இலை ஒண்ணுமே பண்ணலையா?” என்றார் அவர் மெதுவாக.

“இருந்த இடத்துல சும்மா இருந்துச்சு. நாமதான் புடிச்சு இழுத்துட்டு வந்தோம்.”

கூடத்தில் இயக்குநர் கொடியைக் காற்றில் கையால் வரைந்துகொண்டிருந்தார். “இதோ, கண்டுபிடிச்சவங்களே வந்துட்டாங்க!” கைதட்டல். சலவை காணாத கோட்டோடு அம்மையார் மேடையேறித் தட்டை மேசைமேல் வைத்தார். நீலத்தைக் கண்ட இயக்குநர் ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“எதுன்னாலும் அப்புறம் பேசிக்கலாம். இப்ப சிரிங்க.”

அம்மையார் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியைப் பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அதைத் தன் பக்கம் திருப்பினார்.