பாட்டிலுக்குக் குல்லா போட்ட வீடு

பிள்ளைகளைப் பார்த்துக்கிற வேலைன்னா பிள்ளைகளோட மல்லுக்கட்டுற வேலைன்னு நெனச்சுத்தான் நான் இதுக்கு வந்தேன். பெத்தவங்களோட மல்லுக்கட்டுற வேலைன்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. பால்வாடி, காப்பகம், ப்ரீகேஜின்னு எந்தப் பேருல மாட்டிக்கிட்டு முழிக்கிற சகோதரியா இருந்தாலும் சரி, இதைப் படிச்சா உங்களுக்கும் நாலு முகம் ஞாபகத்துக்கு வரும்.

கொடைக்கானல்ல, அட்டுவம்பட்டிப் பக்கம், சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு ஹால்தான் எங்க காப்பகம். காட்டேஜ்ல ரூம் பெருக்கப் போற அம்மாக்களும், கேரட் காட்டுக்குப் போற அம்மாக்களும் வெள்ளனே பிள்ளைகளைக் கொண்டாந்து விட்டுட்டு ஓடிருவாங்க. அப்புறம் நானும் எங்க ஆயா ராசம்மாக்காவும்தான் அத்தனைக்கும் காவல். வந்து போன பிள்ளைகள்ல ஒருத்தன் பாட்டிலை விட்ட கதையை மட்டும் இப்ப சொல்றேன். மத்ததைச் சொன்னா எனக்கு பிபி ஏறிரும்.

குல்லா யாருக்கு?

ரோஷன் முத நாள் வந்தப்ப பனி முகத்துல அடிச்சுக்கிட்டிருந்துச்சு. ரெண்டரை வயசு. அவங்கம்மா ஸ்டெல்லா இடுப்புல வெறுந்தலையோட உக்காந்திருந்தான். "ஏம்மா, பிள்ளைக்கு ஒரு குல்லா இல்லையா?"ன்னேன். இருக்குன்னு பையைத் திறந்து காட்டுச்சு. இருந்துச்சு, பாட்டில் தலையில! பால் ஆறிடக் கூடாதாம். பக்கத்துல இன்னொரு பாட்டில் கம்பளி சாக்ஸுக்குள்ள, இன்னொண்ணு மப்ளருக்குள்ள. பிள்ளை நடுங்குது, பாட்டிலெல்லாம் சொகமாப் போத்திப் படுத்துக் கெடக்கு.

சாப்பாட்டு டப்பாவைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். இந்தப் பாட்டில் காலைக்கு, இது மத்தியானத்துக்கு, இது தூங்குறப்பன்னு ஸ்டெல்லா வரிசையா எடுத்து வைக்குது. சோறு? தொடமாட்டானாம். இட்லி? துப்பிருவானாம். அந்தப் பொண்ணு பிள்ளை கன்னத்தை எங்கிட்டத் திருப்பிக் காட்டுது. நிசமாவே பால் நெறம். மலையில வளர்ற பிள்ளைக கன்னம் குளிருல வெடிச்சு ஆப்பிள் கணக்காச் செவந்து கெடக்கும், இவன் கன்னத்துல ஒரு பொட்டுச் செவப்பு இல்ல. ஸ்டெல்லா மொகத்துல அம்புட்டுப் பெருமை.

"சோறு திங்கிற பிள்ளைக்கு இந்தக் கலரு வருமா டீச்சர்?"

சுவத்தைத் தின்னவன்

கொஞ்ச நாள் கழிச்சு ஹால் மூலையில ஒரு இடத்துல சுண்ணாம்பு பேந்து கெடந்துச்சு. எலி வேலைன்னு நானும் ராசம்மாக்காவும் பேசிக்கிட்டோம். ஒரு நாள் மத்தியானம் பார்க்கிறேன், ரோஷன் சுவத்துல வாய வச்சு நக்கிக்கிட்டு இருக்கான். வாயெல்லாம் வெள்ளை. வாயத் திறக்க வச்சு விரலை விட்டு எடுத்தேன், சுண்ணாம்புக் கட்டி!

நல்லவேளை, மறுநாளே ஊசி போட நர்ஸம்மா வந்தாங்க. பிள்ளையைப் பார்த்ததும் அவங்க கலரைப் பத்திப் பேசல. கண்ணுக்குக் கீழ இமையை இழுத்துப் பார்த்தாங்க, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாங்க. "டீச்சர், இது கலரில்ல, ஒடம்புல ரத்தமே இல்ல. இன்னிக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னாங்க. டாக்டரும் அதையேதான் சொன்னாரு. நாள் முழுக்கப் பாலையே குடிச்சு வயித்தை ரொப்பிக்கிட்டா சோத்துக்கு எடமேது? பாலுல இரும்புச் சத்து கெடையாது. சுவத்தை நக்குறதும் அந்தக் குறையாலதான். மருந்து எழுதிக் குடுத்து, பாட்டிலை நிறுத்தி, பாலைக் குறைச்சு, சோறு கீரை முட்டைன்னு பழக்கச் சொன்னாரு. அடுத்த டெஸ்ட்டுலயும் ரத்தம் ஏறலைன்னா மலையை விட்டு எறங்கி திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தணும்னும் சொல்லிட்டாரு.

ஸ்டெல்லா அழுதுக்கிட்டே வந்து இதைச் சொல்லுச்சு. இம்புட்டுக் கையில அம்புட்டுப் பெரிய ஊசியான்னுதான் நெனப்பு ஓடுது. பின்னாடியே அவ புருசன் அந்தோணி வந்தாரு. டூரிஸ்ட்டுகளை ஜீப்புல ஏத்தி சுத்திக் காட்டுற மனுசன். கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு, ஆனா வாயில வந்தது வேற.

"எங்க வம்சத்துலயே ஒருத்தன்தான் வெள்ளையாப் பொறந்தான், அதையும் வியாதின்னுட்டீங்களே டீச்சர்!"

மாட்டு மேல பழி

ஒரேயடியாப் பாட்டிலைப் பிடுங்கினா பிள்ளை ஏங்கிப் போவான்னு டாக்டர் ஒரு வழி சொல்லிக் குடுத்திருந்தாரு. நாளுக்கு நாள் பாட்டில்ல பாலைக் குறைச்சு காய்ச்சி ஆறவச்ச தண்ணியைக் கூட்டணும். கடைசியில வெறும் தண்ணிதான் இருக்கும், பிள்ளைக்கே அலுத்துப் போயிரும். டம்ளர்ல மட்டும் காலையிலயும் சாயங்காலமும் கொஞ்சம் நல்ல பால். ஸ்டெல்லா இதை ஒழுங்காச் செஞ்சுச்சு. புருசங்கிட்ட மட்டும் சொல்லல, சொன்னா விடமாட்டாருன்னு பயம்.

அந்தோணி ஒரு நாள் பாட்டிலை ஆட்டிப் பார்த்திருக்காரு. ஒரு சொட்டுக் கையில விட்டு நக்கியும் பார்த்திருக்காரு. அம்புட்டுத்தான், ஜீப்பை எடுத்துக்கிட்டு நேரா பேத்துப்பாறை! அங்கருந்து பைக்குல பால் கொண்டாந்து ஊத்துற கருப்பையாண்ணனை நடுரோட்டுல நிறுத்தி, "ஏலே, எம்பிள்ளைக்குப் பச்சைத் தண்ணியா ஊத்துற?"ன்னு சட்டையைப் பிடிச்சுட்டாரு. இது எனக்கு எப்பத் தெரிஞ்சுச்சுன்னு கேக்குறீங்களா? மறுநாள் ரோஷன் பாட்டிலைத் திறந்தப்ப. கருப்பையாண்ணன் குடுத்த கெட்டிப் பாலை அந்தோணியே ஊத்தி விட்டிருக்காரு, ஆடை ஒரு விரக்கடை கனத்துக்கு மெதக்குது! ஐயோ கடவுளே, பட்ட பாடெல்லாம் போச்சேன்னு நான் நிக்கிறேன், வாசல்ல கருப்பையாண்ணன் பைக் சத்தம். தண்ணி கலந்தது டாக்டர் சொல்லித்தான்னு நான் எடுத்துச் சொல்லுமுன்னாடியே நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லுறாரு:

"என்னையப் பேசுங்க டீச்சர், எம்மாட்டைப் பேசப்படாது; இனி அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியா எருமைப் பாலு, நானே வெள்ளனே கொண்டாந்து ஊத்துறேன்!"

ராசம்மாக்கா கண்ட வழி

அந்தோணியையும் கருப்பையாண்ணனையும் ஒண்ணா உக்கார வச்சுப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போச்சு. எருமைப் பாலு நின்னுச்சு. பாட்டில்ல தண்ணி கூடிக்கிட்டே வந்துச்சு. ஆனா ரோஷன் சோத்துப் பக்கம் திரும்பல. டம்ளர்ப் பாலை ரெண்டு வாய் குடிச்சுட்டுத் தட்டிவிட்டுருவான். முட்டையை வாயில வச்சா வாந்தி. மருந்துக்கு ஒரு கூப்பாடு. டெஸ்ட்டு நெருங்குது, திண்டுக்கல் நெனப்பு வந்தாலே எனக்கும் சோறு வேணாம்னு போச்சு.

அப்ப திடீர்னு ஒரு நாள் பிள்ளை சத்தமே காட்டாம சொகமாப் படுத்திருக்கான். அட, அடங்கிட்டானேன்னு சந்தோசமாக் கிட்டப் போனா, வாயில பாட்டில், பாட்டிலுக்குள்ள செக்கச் செவேல்னு சாயத் தேத்தண்ணி, சீனி போட்டு! வெரசாப் போய்ப் பிடுங்கினேன். இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்புச் சத்தையும் ஒடம்புல சேர விடாதுன்னு டீத்தண்ணிய டாக்டர் படிச்சுப் படிச்சு வேணாம்னிருந்தாரு. ராசம்மாக்கா சின்ன வயசுல சிலோன் தேயிலைத் தோட்டத்துலருந்து குடும்பத்தோட திரும்பி வந்தவங்க; அங்க காப்பகத்துக்குப் பிள்ளைக்காம்பரான்னு பேரு, பாட்டிலுக்குப் போத்தல். நான் கத்துன கத்துக்கு அசரவே இல்ல.

"நாங்க தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல தேத்தண்ணி குடிச்சுத்தானே வளந்தம், டொக்டரு பால் வேணாமுண்டாரு, போத்தலையுமா வேணாமுண்டாரு?"

வெறுங்கையோட வராதவங்க

அன்னிக்கே காப்பகத்துல இருந்த பாட்டிலையெல்லாம் பொறுக்கி பீரோவுல பூட்டிட்டேன். மத்த பிள்ளைகளோடதையும் சேர்த்துத்தான். ஹால் முழுக்க ஒரே ஒப்பாரி. அந்த நேரம் பார்த்து சீசனுக்கு வந்த ஒரு குடும்பம், சர்ச்சைப் பார்த்துட்டு எங்களையும் பார்க்க வந்துச்சு. ஸ்வீட்டு கீட்டு தருவாங்கன்னு நெனச்சேன். அந்தம்மா பெரிய அட்டைப் பெட்டியைப் பிரிச்சு, நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஆளுக்கொரு புதுப் பாட்டில் குடுத்து முடிச்சுட்டாங்க. ரோஷனுக்கு ரெண்டு! அழுக நின்னுபோச்சு. அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"வெறுங்கையோட வர மனசு கேக்கல மிஸ், பாவம், எவ்வளவு ஏங்கிப் போயிருக்குதுங்க பாருங்க!"

ரொட்டி

அவங்க வண்டி திரும்புனதும் அத்தனையையும் திரும்பப் பிடுங்கினேன். பாவம்தான், என்ன செய்ய? ரோஷன் அழுது அழுது ஓஞ்சுபோய் ராசம்மாக்கா மடியில சாஞ்சுட்டான். மேகம் எறங்கி ஜன்னல் வெளுத்துப் போச்சு. ராசம்மாக்கா மடியில பிள்ளையைப் போட்டுக்கிட்டே அவங்க சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாங்க. தேங்காய்ப் பூ போட்டுப் பிசைஞ்சு சுட்ட ரொட்டி, ஒரு ஓரமாக் கீரை. ரொட்டியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோறாங்க, நடுவுல ஒரு சின்னக் கை வந்து பறிச்சுக்கிச்சு.

ரோஷன்தான். மோந்து பார்த்தான், நக்கினான், கடிச்சான். மெல்லத் தெரியாம மெதுவா மென்னான். கீரையைத் தொட்டு வச்சேன், அதையும் தின்னான். அப்புறம் தினம் அந்தத் தூக்கைத் திறக்குற சத்தம் கேட்டாப் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்துருவான். ரொட்டிக்குள்ள முட்டையை ஒளிச்சோம், பருப்பை ஒளிச்சோம். வீட்டுலயும் ஊட்டிப் பாருன்னு ஸ்டெல்லாகிட்டச் சொல்லி விட்டேன். மறுநாள் அந்தப் பொண்ணு வாசல்லருந்தே கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு ஓடி வருது, விரல்ல பல்லுத் தடம். அழுகையா சிரிப்பான்னே தெரியல.

"கடிச்சுட்டான் டீச்சர், எம்பிள்ளை என்னையக் கடிச்சுட்டான்!"

டெஸ்ட்டு அன்னிக்கு

டெஸ்ட்டு அன்னிக்கு எனக்கு ஒரு சோலியும் ஓடல. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறேன், கண்ணு வாசல்லயே கெடக்கு. ராசம்மாக்கா வெளிய காட்டிக்கல, ஆனா கழுவின டம்ளரையே திரும்பக் கழுவுறாங்க. ஜீப் வந்து நின்னுச்சு. ஸ்டெல்லா எறங்குன வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு. "திண்டுக்கல் போக வேணாம் டீச்சர்! ரத்தம் ஏறிடுச்சு, மருந்தை மட்டும் விடாமக் குடுக்கச் சொல்லிட்டாரு!"ன்னு என்னையக் கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. நானும் அழுதேன், எதுக்கு மறைக்கணும். ரோஷன் எங்களைக் கண்டுக்காம மண்ணுல எறங்கி நாய்க்குட்டியைத் துரத்திக்கிட்டு ஓடுறான். வெயில்ல ஆடி ஆடி நல்லா மாநெறமாகி, கன்னம் ரெண்டும் குளிருல வெடிச்சு, நம்ம ஊருப் பிள்ளையா இருந்தான். தலையில குல்லாவும் இருந்துச்சு.

அந்தோணி மட்டும் கொஞ்ச நேரம் தயங்கித் தயங்கி நின்னாரு. நன்றி சொல்லக் கூச்சப்படுறாரு போலன்னு நானே கிட்டப் போனேன். அவரு ஸ்டெல்லாவுக்குக் கேக்காத தூரத்துக்கு என்னையத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி, கொரலைத் தாழ்த்திக் கேட்டாரு பாருங்க.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர், ரத்தம் ஏறுனது சந்தோசம்தான், அந்தப் பழைய வெள்ளைக் கலரு மட்டும் திரும்ப வர்றதுக்கு எதும் டானிக் இருக்கா?"

பிள்ளை பாட்டிலை ஒரு வழியா விட்டுட்டான். பெத்தவங்க வாயிலருந்து எதைப் பிடுங்கினா இந்தக் கலரு ஆசை போகும்னுதான் நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.