பத்து லிட்டர் கடல்

சங்கரன்கோவிலில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்ட நான் ஒரு கல்யாணப் பந்தியில் அவளுடைய அண்ணனிடம் வாயை விட்டேன். சிவகிரிக்காரர், பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர். "கடல் தண்ணியையே வெயில்ல வச்சு நல்ல தண்ணியா ஆக்கலாம் மச்சான். போன்ல பாத்தேன்" என்றேன்.

அவர் சாம்பார் வாளியையே நிறுத்திவிட்டார். "ஏ, எல்லாரும் கேட்டுக்கிடுங்க! மாப்ள கடலைக் குடிக்கப் போறாராம்! வே, அடுத்த ஞாயித்துக்கிழம வாரேன், ஒரு தம்ளர் தாரும். தரலைன்னா இனிமே எந்தப் பந்தியிலயும் சோத்துக்கு மட்டுந்தான் வாயத் தொறக்கணும்."

திருச்செந்தூர் போய் பத்து லிட்டர் கேனில் கடலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"கேன்ல என்ன அண்ணாச்சி, தீர்த்தமா?" என்றார் கண்டக்டர்.

கடல் தண்ணீர் என்றால் எதற்கு என்று கேட்பார். அதைச் சொன்னால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். தலையை ஆட்டிவைத்தேன். உடனே முன்சீட்டு அம்மா கையை நீட்டினார். எங்கள் தெருக்காரர். பிறகு பஸ் முழுக்கக் கைகள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டித் தலையில் தெளித்துக்கொண்டார். ஒருவர் குடித்தே விட்டு, கண்ணில் நீர் வர, "சக்தியுள்ள தீர்த்தம்" என்றார். ஊர் வந்தபோது கேனில் பாதிக் கடல்தான் மிச்சம்.

மொட்டைமாடியில், கறுப்பு பெயிண்ட் அடித்த தட்டில் அதை ஊற்றி, மேலே கண்ணாடியைச் சாய்த்து மூடினேன். வெயிலில் கண்ணாடி உள்ளே வியர்த்தது. வியர்வை சரிவில் இறங்கிச் சொட்டுச் சொட்டாகத் தம்ளரில் விழுந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தம்ளர் நிறைந்தது. யாரும் தட்டிவிடக் கூடாதென்று அதைச் சாமி அலமாரியில் வைத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

ஞாயிறு காலையில் நான் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள் மச்சான் வந்துவிட்டார். தெருக்கார அம்மா ஏற்கெனவே என் மனைவியிடம் தீர்த்தக் கதையைச் சொல்லியிருந்தார். நான் படியேறும்போது, அவள் துளசி போட்டு நீட்டிய சாமி அலமாரித் தம்ளரை மச்சான் கண்ணில் ஒற்றிக் குடித்து, கடைசிச் சொட்டைத் தலையில் தடவிக்கொண்டிருந்தார்.

"செந்தூர் தீர்த்தம் குடிச்சாச்சு. எங்க வே உம்ம மிஷின் தண்ணி?"

"உப்புக் கரிச்சுதா மச்சான்?" என்றேன்.

"தீர்த்தம் கரிக்குமா? கல்கண்டு மாதிரில்லா இருந்துச்சு! பேச்ச மாத்தாதேயும். தண்ணி எங்க?"

"நீங்க குடிச்சதுதான்" என்றேன்.

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் தம்ளரைப் பார்த்தாள். "ஏங்க, இதையா சாமிகிட்ட வச்சீங்க?" என்றாள்.

மச்சான் தொண்டையைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஆவாதுல்லா மாப்ள?" என்றார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.