தண்ணீர் குடித்த வேலிக்கம்பம்

அந்த மர ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். பதினோரு வருஷமாக மரத்துக்கு ஊசி குத்துகிறவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

அடிமரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலூசி சூடாகிக்கொண்டே இருக்கும். வேரிலிருந்து ஏறும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். இரண்டு ஊசிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறையக் குறைய, மரம் நிறையக் குடிக்கிறது என்று கணக்கு. வெயில் பட்டால் கணக்கு கெடும். அதனால் சுற்றிலும் வெள்ளிக் காகிதம் கட்டுவாள். அடுப்பில் பால் வைத்தால் புருஷனைக்கூட பார்த்துக்கொள்ளச் சொல்லாதவள், அந்தக் காகிதத்தைத் தொட யாரை விடுவாள்?

அவள் பத்து நாள் லீவில் போன மறுநாளே புது அதிகாரி படம் எடுத்துக்கொள்ள வந்தார். ஊசி தெரியவில்லையாம். கிணற்றோரத்துப் பன்னிரண்டு மரத்திலும் காகிதத்தைக் கழற்றியாயிற்று. மரத்தில் சாய்ந்து, ஏதோ தானே நட்டு வளர்த்ததுபோல ஒரு சிரிப்பு.

அவள் திரும்பி வந்த அன்றே அறிக்கை வந்தது. மரம் ஒவ்வொன்றும் தினம் முந்நூறு லிட்டர் குடிக்கிறது, கிணறு வற்றுவது அதனால்தான், திங்கட்கிழமை வெட்டு.

"சார், அது தண்ணி இல்ல, வெயில். கீழூசியும் வெயில்ல சூடாகி வித்தியாசம் கொறைஞ்சிருக்கு."

"ஏம்மா, மெஷின் பொய் சொல்லுமா?"

"தானா சொல்லாது சார். காகிதத்த அவுத்தவங்க சொல்ல வச்சிருக்காங்க."

"நீங்க ஊசி குத்துங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

வீட்டில் புருஷன் சிரித்தான். "உனக்கென்ன போச்சு? மரம் என்ன உன் மாமியாரா?"

"மாமியார்னா விட்டிருப்பேன். இது என் கணக்கு."

மறுநாள் காலை, அதிகாரியின் ஜன்னலுக்கு நேரே இருந்த மர வேலிக்கம்பத்தில் இரண்டு ஊசியை இறக்கினாள். நட்டு இருபது வருஷமான காய்ந்த கட்டை. காகிதம் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை அதன் கணக்குத் தாளை மேசையில் வைத்தாள்.

"இருநூத்தி எம்பது லிட்டரா! எந்த மரம்மா இது? இதையும் வெட்டற லிஸ்ட்ல சேத்துடுங்க."

"சேத்துடலாம் சார். வெளிய பாருங்க, அதோ முள்ளுக்கம்பிய சுத்திக்கிட்டு நிக்குதே, அதான்."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டும் பார்த்தார். கம்பம் கம்பமாகவே நின்றது.

"வெட்டறத நிறுத்தி வைங்க. இன்னும் ஆராய வேண்டியிருக்கு."

"எத சார்? மரத்தையா, கம்பத்தையா?"

பதிலுக்கு நிற்காமல் காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு போய், பன்னிரண்டு மரத்துக்கும் இறுக்கிக் கட்டினாள். கம்பத்து ஊசியை மட்டும் பிடுங்கவில்லை. அடுத்த அதிகாரி என்று ஒருவர் வராமலா போய்விடுவார்?