நடுக்காட்டில் நின்ற ரயிலில் தேத்தண்ணி

ரயிலில் தேத்தண்ணி கொடுப்பவனுக்கு மூன்று கைகள் வேண்டும்: வண்டியைத் தள்ள ஒன்று, கேத்தலைப் பிடிக்க ஒன்று, பதறும் நெஞ்சைப் பொத்திக்கொள்ள ஒன்று. மூன்றாவது கை எதற்கு என்று கேட்பவர்கள் இதை வாசிக்க வேண்டாம். வெளியே சிரித்து உள்ளே நடுங்கியபடி வேலை பார்த்த சக பாவிகளுக்காகவே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் கிடைத்த வேலை அது. இலையுதிர்காலத்தில் லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைகளுக்குச் சுற்றுலா ரயில் விடும் ஒரு சின்னக் கம்பனி. பருவம் முடியும்வரை என்னைப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிரந்தரமாக்குவார்களாம். நிரந்தர வேலை இருந்தால்தான் என் மனைவி சாந்தியை லண்டனுக்குக் கூப்பிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், பொலிஸ் எப்போது கதவைத் தட்டும் என்று காத்திருந்தாள். ஆகவே எனக்குப் பயப்படவும் வசதி இல்லை.

தொப்பி போட்ட மனிதர்

முதல் பயணத்திலேயே மானம் போனது. குனிந்து கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன். தொப்பியும் சீருடையுமாக ஒருவர் பெட்டிக்குள் ஏறி, ஒவ்வொருவரிடமும் எதையோ வாங்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கால்கள் தாமாகவே ஒட்டி நின்றன. கை சட்டைப்பைக்குள் போய், ஊரிலிருந்து கொண்டுவந்த அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டியது.

டிக்கெட் பரிசோதகர் அதை வாங்கி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "நல்ல படம். இப்ப கொஞ்சம் மெலிஞ்சு போனீர். எனக்குச் சீனி ரெண்டு கரண்டி."

ஜன்னல் திரை

ஸ்கொட்லாந்தில் ரயில் வெட்டவெளிக்குள் நுழையும்போது எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். சிவந்த பற்றை, மஞ்சள் மரம், வீடு வாசல் இல்லாத மலை. மிக அழகான இடம்தான். ஆனால் ஒருநாள் அதன் நடுவில் ரயில் சும்மா நின்றது.

ஊரில் வன்னிக் காட்டுக்குள் இப்படித்தான் ஒரு ரயில் நின்றது. துப்பாக்கிகளோடு ஆமி ஏறியது. எனக்கு முன் சீட்டில் இருந்த என் சிநேகிதன் யோகனை இறங்கச் சொன்னார்கள். அவன் தன் பையை என்னிடம் தந்துவிட்டு இறங்கினான். பிறகு ரயில் வெளிக்கிட்டது, அவன் இல்லாமல்.

அந்த நினைப்பில் நான் என்ன செய்தேன்? வண்டியை விட்டுவிட்டு, பெட்டியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் ஓடி, ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினேன். மேற்பார்வையாளர் டெரெக் வந்து பார்த்தார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் கம்பனிச் சட்டையைக் கழற்றித் தந்துவிட்டுப் போகலாம் என்றார். திரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும் மெல்லச் சொன்னாள்: "மகனே, நாங்கள் வந்ததே இந்த ஜன்னலுக்காகத்தான்."

தொலைபேசி

லண்டன் குட்மேய்ஸில் என்னோடு ஒரே அறையில் இருந்த தியாகு அண்ணை, வெளியே பார்க்காமல் கோப்பையையே பார் என்று புத்தி சொன்னார். பார்த்தேன். ஒருவருக்கு வெறுங்கோப்பையை நீட்டிவிட்டேன்.

சாந்திக்குப் போன் எடுத்தபோது வேலை சுகம் என்று பொய் சொன்னேன். அவள் என் குரலை அறிந்தவள். உடனே சொன்னாள்: "ரயிலெண்டா நீங்கள் நடுங்குவியள் எண்டு எனக்குத் தெரியும். ஏலாதெண்டா விடுங்கோ. நான் இஞ்ச இன்னும் கொஞ்சக் காலம் இருப்பன்."

அவள் ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திராது.

வேட்டைக்காரர்

பருவத்தின் கடைசிப் பயணம். லண்டனில் சட்டன் பக்கமிருந்து ஒரு தமிழ் டொக்டரும் மனைவியும் வந்திருந்தார்கள். நான் தமிழன் என்று தெரிந்தும் மனிதர் ஆங்கிலத்திலேயே தேத்தண்ணி கேட்டார். மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அதே வெட்டவெளியில் ரயில் மறுபடி நின்றது. கோப்பையைப் பார், கோப்பையைப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு வெடிச்சத்தம். மான் வேட்டைக் காலம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "விழுந்து படுங்கோ!" என்று தமிழில் கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் பாய்ந்தேன். வேலை போயிற்று, சாந்தியும் போனாள் என்று நினைத்துக்கொண்டே பாய்ந்தேன்.

கண்ணைத் திறந்தால் எனக்கு முன்பே இரண்டு பேர் அங்கே கிடந்தார்கள். டொக்டர் தலையைக் கையால் மூடியிருந்தார். கறுப்புக் கண்ணாடி எங்கோ தெறித்திருந்தது. டொக்டரின் மனைவி என் காதோடு கேட்டார்: "தம்பி, எந்தப் பக்கத்தாலை வருகினம்?"

டெரெக்கின் தீர்ப்பு

எங்கள் மூவரையும் பார்த்த மற்றவர்கள், இது ரயிலின் பாதுகாப்பு ஒழுங்கு போலும் என்று நினைத்துவிட்டார்கள். ஒழுங்கு என்றால் அந்தச் சனத்துக்கு மறு பேச்சு இல்லை. ஒவ்வொருவராக முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கிப் படுத்தார்கள். டெரெக் கதவைத் திறந்தபோது சீட்டில் ஒருவரும் இல்லை. தரை முழுக்கச் சனம்.

நான் கம்பனிச் சட்டையின் பொத்தானில் கை வைத்துவிட்டேன். அப்போது கீழே இருந்து ஒரு குரல் வந்தது. அதே ஜன்னல் கிழவி, மறுபடி வந்திருந்தாள். "அருமையான பயிற்சி" என்று டெரெக்குக்குச் சொன்னாள். எல்லோரும் ஓம் என்று தலையாட்டினார்கள். டெரெக் என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கோப்பை தேத்தண்ணியை எனக்கு ஊற்றித் தந்தார். "அடுத்த வருஷமும் வா. அந்தப் பயிற்சி மட்டும் வேண்டாம்."

சாந்தியின் கேள்வி

வேலை நிரந்தரமானது; அடுத்த இலையுதிர்காலத்துக்குள் சாந்தி வந்துவிட்டாள். கம்பனி அவளுக்கும் ஒரு சீட் தந்தது. பாழாய்ப்போன ரயில் அதே இடத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய கலைமான் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. சனமெல்லாம் படம் எடுத்தது. சாந்தி மானைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள்.

"இறங்கச் சொல்லுவினமே?" என்றாள். இல்லை என்றேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்த பிடியை விடாமலே சொன்னாள்: "அப்ப எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்துங்கோ."

சனம் ஆசை ஆசையாய்ப் பார்க்க வரும் அந்த வடக்கு மலைகளுக்கு எத்தனையோ வருஷம் போய்வந்த நான் அங்கே ஒழுங்காகப் பார்த்து வைத்திருப்பது, எந்தக் கதவு கிட்ட இருக்கிறது என்பதை மட்டும்தான்.